பல்தளச் செயலியில் தரவுத்தளத்தின் வேகம்: நேட்டிவுடன் ஒப்பிட்டு அளந்து சீராக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரே குறிமுறையால் அன்ட்ரொய்டுக்கும் ஐஓஎஸுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டரையோ ரியாக்ட் நேட்டிவையோ கற்று, கொழும்பில் முதல் வேலையில் சேரும் மென்பொருள் பொறியியலாளரிடம் மிக விரைவில் வந்து சேரும் முறைப்பாடு ஒன்று உண்டு. பட்டியலைத் திறந்தால் திரை உறைந்து நிற்கிறது என்பதே அது. அதற்கு அடுத்தபடியாக, இதை நேட்டிவில், அதாவது அந்தந்த இயங்குதளத்துக்குரிய மொழியிலேயே, எழுதியிருந்தால் இந்தத் தொல்லை வந்திராது என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கூற்றில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எவ்வளவு என்பதை அளந்து பார்க்காமல் செயலியை மறுபடி எழுதத் தொடங்குவது மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கும். எங்கே நேரம் செலவாகிறது என்று கண்டுபிடிப்பதற்கும், கண்டதைச் சீராக்குவதற்கும், உண்மையாகவே நேட்டிவ் தேவைப்படும் இடத்தை அடையாளம் காண்பதற்கும் வேண்டிய வேலைகளை அவற்றைச் செய்ய வேண்டிய ஒழுங்கிலேயே இங்கு தருகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உள்ள ஒரு மொத்த வியாபாரியின் விற்பனைப் பிரதிநிதிகள் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெஹிவளைக் கடைகளுக்குச் சென்று கட்டளை எடுத்து, அங்கேயே பில் போடுகிறார்கள். கடைகளின் உட்பகுதியிலும் நிலக்கீழ் களஞ்சியங்களிலும் இணைய இணைப்பு ஒழுங்காகக் கிடைக்காததால், 20,000 பொருட்களின் விபரம் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று பெயர்கள் உண்டு.

முதற்படி: எந்த வேலை எங்கே நடக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

கைத்தொலைபேசியின் உள்ளூர்த் தரவுத்தளம் பெரும்பாலும் எஸ்கியூலைட்தான். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட, சி மொழியில் எழுதப்பட்ட இந்த நூலகம் அன்ட்ரொய்டிலும் ஐஓஎஸிலும் இயங்குதளத்துடனேயே வருகிறது. அன்ட்ரொய்டின் நேட்டிவ் மொழியான கோட்லினில் ரூம் நூலகத்தைப் பயன்படுத்தினாலும், ஃப்ளட்டரில் எஸ்கியூஎஃப்லைட் அல்லது டிரிஃப்ட் பயன்படுத்தினாலும், ரியாக்ட் நேட்டிவில் எக்ஸ்போவின் எஸ்கியூலைட் தொகுதியைப் பயன்படுத்தினாலும், அடியில் கோப்பைப் படித்து எழுதுவது இதே எஞ்சின். ஒரே பதிப்பு, ஒரே கோப்பு, ஒரே வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) என்றால், எஞ்சினுக்குள் செலவாகும் நேரம் ஃப்ளட்டரின் டார்ட் மொழியிலிருந்து கூப்பிட்டாலும் கோட்லினிலிருந்து கூப்பிட்டாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

வேறுபாடு, செயலியின் மொழிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள எல்லையைக் கடக்கும் இடத்தில் வருகிறது. எஸ்கியூஎஃப்லைட் ஒவ்வொரு அழைப்பையும் பைட்டுகளாகப் பொதிந்து, பிளாட்ஃபோர்ம் சனல் வழியாக நேட்டிவ் பக்கத்துக்கு அனுப்பி, விடையையும் அவ்வாறே பொதிந்து திரும்பப் பெற்று, டார்ட் ஒப்ஜெக்டுகளாக (நிரல் கையாளும் தரவு அலகுகளாக) மறுபடி பிரிக்கிறது. ரியாக்ட் நேட்டிவின் பழைய பிரிட்ஜ் எல்லாவற்றையும் ஜேசன் எழுத்துத் தொடராக மாற்றியே அனுப்பியது. 2024இல் வெளியான 0.76ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே இயங்கும் புதிய கட்டமைப்பில், ஜேஎஸ்ஐ என்ற இடைமுகத்தின் ஊடாக ஜாவாஸ்கிரிப்ட் சி++ குறிமுறையை நேரடியாக அழைக்க முடிகிறது. டிரிஃப்ட் நூலகமும் டார்டின் எஃப்எஃப்ஐ வசதியால் சி நூலகத்தை நேரடியாகவே அழைக்கிறது. அன்ட்ரொய்டின் நேட்டிவ் குறிமுறைக்கும் கடத்தல் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கோட்லினிலிருந்து சி எஞ்சினுக்குப் போக ஜேஎன்ஐ என்ற எல்லையைக் கடந்தே ஆகவேண்டும். ஐஓஎஸின் நேட்டிவ் மொழியான ஸ்விஃப்டில் மட்டுமே அந்தக் கடத்தல் மிக மெல்லியதாக இருக்கிறது.

புறக்கோட்டையில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும் நாட்டாமைமார், நூறு மூட்டைக்கு நூறு தடவை நடப்பதில்லை. தள்ளுவண்டியில் ஏற்றிச் சில நடைகளில் முடிக்கிறார்கள். எல்லைக் கடத்தலின் செலவும் அவ்வாறே எத்தனை நடை, நடைக்கு எவ்வளவு சுமை என்ற இரண்டாலும் தீர்மானிக்கப்படுகிறது. பல்தளச் செயலியில் நாம் மாற்றக்கூடியவையும் அந்த இரண்டே.

இரண்டாம் படி: அளப்பதற்கு ஏற்ற சூழலை அமையுங்கள்

டீபக் முறையில் (பிழை தேடுவதற்கான ஓட்டத்தில்) எடுத்த அளவீட்டை எந்த முடிவுக்கும் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஃப்ளட்டரில் டீபக் முறையில் டார்ட் குறிமுறை ஓடும்போதே தொகுக்கப்படுகிறது. கூடுதல் சோதனைகளும் சேர்ந்து ஓடுகின்றன. வேகத்தை அளப்பதற்கான ப்ரொஃபைல் முறையில் ஓட்டி அளப்பதே சரி. ரியாக்ட் நேட்டிவில் பயனருக்கு வெளியிடும் ரிலீஸ் தொகுப்பை எடுங்கள். ஐஓஎஸ் சிமுலேட்டர் மேக் கணினியின் சிபியூவையும் சேமிப்பகத்தையும் பயன்படுத்துவதால் அது கைத்தொலைபேசியின் வேகத்தைக் காட்டாது. உங்கள் மேசையிலிருக்கும் புதிய தொலைபேசியை விட, விற்பனைப் பிரதிநிதியின் சட்டைப் பையில் இருக்கும் மலிவான அன்ட்ரொய்ட் தொலைபேசியே சரியான சோதனைக் கருவி. அதில் பாதி நிரம்பிய சேமிப்பகமும், பின்னணியில் ஓடும் பிற செயலிகளும் இருக்கட்டும்.

சோதனைத் தரவும் உண்மைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ஐம்பது பொருட்களை வைத்துச் சோதித்தால் எந்த வினவலும் வேகமாகத்தான் இருக்கும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் நிரப்பிச் சோதிப்பதும் நம் சூழலில் தவறான விடையைத் தரும். எஸ்கியூலைட் இயல்பாகப் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டும், தமிழ், சிங்களக் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகளும் ஆகின்றன. ஆகவே எல்லையைக் கடக்கும் சுமை நம் மொழிகளில் இயல்பாகவே பெரிது.

மூன்றாம் படி: நேரத்தை மூன்றாகப் பிரித்து அளவுங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். என் கருத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியமானது. மெதுவாக இருக்கும் திரை ஒன்றைத் தெரிவு செய்து, அதற்குரிய வினவலை மூன்று விதமாக ஓட்டுங்கள்.

முதலாவதாக, எந்த அட்டவணையையும் தொடாமல் 1 என்ற எண்ணை மட்டும் திருப்பித் தரும் வெறும் செலக்ட் கட்டளையை ஓட்டுங்கள். எஞ்சினுக்கு இதில் வேலையே இல்லாததால், கிடைக்கும் நேரம் ஒரு நடைக்கான கூலி மட்டுமே. இரண்டாவதாக, உங்கள் உண்மையான வினவலை உள்வினவலாக வைத்து, அதிலுள்ள எழுத்துப் புலங்களின் நீளங்களைக் கூட்டி ஒரே எண்ணாகத் தரும்படி எழுதுங்கள். எஞ்சின் எல்லாப் பதிவுகளையும் படித்தாக வேண்டும், ஆனால் எல்லையைக் கடப்பது ஒரே ஓர் எண். வினவலில் வரிசைப்படுத்தல் இருந்தால் உள்வினவலுக்குள் லிமிட்டையும் (பதிவுகளின் எண்ணிக்கை வரம்பையும்) வையுங்கள், இல்லாவிட்டால் பயனற்ற வரிசைப்படுத்தல் என்று கண்டு எஞ்சின் அதை நீக்கிவிடக்கூடும். மூன்றாவதாக, உண்மையான வினவலையே ஓட்டி, விடை முழுவதும் டார்ட் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் ஒப்ஜெக்டுகளாகக் கைக்கு வரும் வரை அளவுங்கள்.

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எஞ்சினின் நேரம். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கடத்தலுக்கும் ஒப்ஜெக்டாக்கலுக்கும் ஆகும் நேரம். அதற்கு மேலும் திரை தடுமாறினால் பட்டியலை வரையும் குறிமுறையைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் பல தடவை ஓட்டி, நடு அளவையும் மிக மோசமான அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். செயலியைத் திறந்தவுடன் வரும் முதல் ஓட்டத்தைத் தனியே எழுதுங்கள், ஏனெனில் அப்போது கோப்பின் பக்கங்கள் நினைவகத்தில் இன்னும் ஏறியிருக்காது. 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் ஒரு தடவை வரையும் படத்துக்கு) கிடைப்பது 16.7 மில்லிசெக்கன், 120 ஹேர்ட்ஸ் திரையில் 8.3 மில்லிசெக்கன், பிரதான த்ரெட்டில் (திரையைக் கவனிக்கும் செயலோட்டத்தில்) நடக்கும் வேலைக்கு இதுவே எல்லை.

நேட்டிவுடன் ஒப்பிட விரும்பினால் இதே மூன்று வினவல்களையும் கோட்லினில் ஒரு சிறு சோதனைச் செயலியாக எழுதி, அதே தொலைபேசியில், அதே தரவுத்தளக் கோப்பை நகலெடுத்து வைத்து ஓட்டுங்கள். எஸ்கியூலைட்டின் கோப்பு வடிவம் எல்லாத் தளங்களுக்கும் ஒன்று என்பதால் எந்த மாற்றமும் வேண்டியதில்லை. ஆனால் எஞ்சினின் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள். அன்ட்ரொய்ட் 10இல் இயங்குதளத்துடன் வருவது 3.22, அன்ட்ரொய்ட் 11இல் 3.28. 2018இல் 3.24ஆம் பதிப்புடன் வந்த அப்சேர்ட் கட்டளை (பதிவு இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்) முன்னையதில் வேலை செய்யாது. டிரிஃப்ட் போன்றவை தமக்கான எஸ்கியூலைட்டைச் செயலிக்குள்ளேயே கொண்டுவரலாம். அவ்வாறு செய்தால் எல்லாத் தொலைபேசிகளிலும் ஒரே பதிப்பு ஓடும். செயலியின் அளவு சற்றுக் கூடினாலும் நான் அதையே பரிந்துரைப்பேன்.

நான்காம் படி: எழுதும் வேலையை ட்ரான்ஸாக்ஷனுக்குள் கொண்டுவாருங்கள்

காலையில் பிரதிநிதி செயலியைத் திறந்ததும் 20,000 பொருட்களின் விலையும் சேர்வரிலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். லூப் ஒன்றுக்குள் ஒவ்வொரு பதிவாக இன்சேர்ட் செய்தால் (அட்டவணையில் சேர்த்தால்), எஸ்கியூலைட் ஒவ்வொன்றையும் தனி ட்ரான்ஸாக்ஷனாக (முழுவதும் பதியும், அல்லது எதுவுமே பதியாத ஒரு வேலைத் தொகுதியாக) கருதி, தரவு சேமிப்பகத்தில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருந்து உறுதி செய்யும். சாதாரண மேசைக் கணினியில் செக்கனுக்கு 50,000 இன்சேர்ட்டுகளை எளிதாகச் செய்யும் எஞ்சின், சுழலும் வன்தட்டில் செக்கனுக்குச் சில பத்து ட்ரான்ஸாக்ஷன்களை மட்டுமே முடிக்கும் என்று எஸ்கியூலைட்டின் அதிகாரபூர்வ ஆவணமே கூறுகிறது. கைத்தொலைபேசியின் ஃப்ளாஷ் சேமிப்பகம் வன்தட்டைப் போல் சுழல்வதில்லை என்றாலும் காத்திருப்பு அங்கும் உண்டு. ஒரு பதிவுக்கு 5 மில்லிசெக்கன் என்று கொண்டாலும் 20,000 பதிவுகளுக்கு 100 செக்கன் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்தால் அந்தக் காத்திருப்பு ஒரு தடவையோடு முடிகிறது.

நேட்டிவ் வேகமானது என்ற எண்ணம் பல வேளைகளில் இங்குதான் பிறக்கிறது. ரூமின் இன்சேர்ட் முறைக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தால் அது தானாகவே முழுப் பட்டியலையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் எழுதுகிறது. அதையும், ஃப்ளட்டரில் லூப் போட்டு ஒவ்வொன்றாக எழுதியதையும் ஒப்பிட்டால் கிடைக்கும் பெரும் வித்தியாசத்துக்கு மொழியோ தளமோ காரணமல்ல.

எஸ்கியூஎஃப்லைட்டில் பாட்ச் என்ற வசதியைப் பயன்படுத்தினால் ட்ரான்ஸாக்ஷனும் ஒன்றாகும், கட்டளைகள் அனைத்தும் ஒரே நடையில் எல்லையைக் கடக்கும். ஒவ்வொரு இன்சேர்ட்டின் விடையும் உங்களுக்குத் தேவையில்லை என்றால், விடை வேண்டாம் என்று கொமிட்டின்போது (எழுதியதை உறுதிப்படுத்தும்போது) குறிப்பிடுங்கள். திரும்பி வரும் சுமையும் குறையும். ட்ரான்ஸாக்ஷனுக்குள் இருக்கும்போது அதற்கென்று தரப்பட்ட ஒப்ஜெக்டின் வழியாகவே கட்டளை கொடுக்க வேண்டும். வெளியிலுள்ள தரவுத்தள ஒப்ஜெக்டைத் தொட்டால் ஒன்றையொன்று எதிர்பார்த்து இரண்டும் நின்றுவிடும்.

ஒரே ட்ரான்ஸாக்ஷன் நீண்ட நேரம் ஓடினால், அந்த நேரத்தில் பிரதிநிதி பில் ஒன்றைச் சேமிக்க முயன்றால் அவர் காத்திருக்க வேண்டும், ஏனெனில் எஸ்கியூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும். ஆகவே விலைப்பட்டியல் போன்ற பெரிய இறக்கத்தை 500 அல்லது 1,000 பதிவுகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்து எழுதுங்கள். பழைய விலையும் புதிய விலையும் கலந்து தெரிவது வியாபாரத்துக்கு ஆபத்து என்றால், முதலில் தற்காலிக அட்டவணை ஒன்றில் இறக்கி, முடிவில் ஒரே கட்டளையால் மாற்றுங்கள்.

இதனோடு, மாற்றங்களை முதலில் தனிக் கோப்பு ஒன்றில் எழுதும் ரைட்-அஹெட் லொக் முறையையும் இயக்குங்கள். 2010இல் வந்த இந்த முறையில், எழுதுபவர் படிப்பவரைத் தடுப்பதில்லை. சேமிப்பகத்தில் பதிந்ததா என்று எப்போது காத்திருப்பது என்பதைத் தீர்மானிக்கும் சிங்க்ரனஸ் அமைப்பை நோர்மல் நிலையில் வைத்தால் காத்திருப்பு மேலும் குறையும். அதற்கு ஒரு விலை உண்டு: மின்சக்தி திடீரென அற்றுப்போனாலோ இயங்குதளமே வீழ்ந்தாலோ கடைசியாகச் செய்த கொமிட்டுகள் சில இல்லாமற் போகலாம். தரவுத்தளம் பழுதடையாது, செயலி மட்டும் வீழ்ந்தால் எதுவும் போகாது. விலைப்பட்டியலுக்கு இது போதும். காசு வாங்கிப் போட்ட பில்லுக்குப் போதுமா என்பதை வியாபாரியுடன் பேசி முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: இன்டெக்ஸ் பயன்படுகிறதா என்று எஞ்சினிடமே கேளுங்கள்

எஞ்சினின் நேரம் பெரிதாகத் தெரிந்தால், வினவலுக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான் என்று சேர்த்து ஓட்டுங்கள். விடையில் ஸ்கான் என்று வந்தால் அட்டவணை முழுவதும் படிக்கப்படுகிறது. சேர்ச் என்று வந்தால் இன்டெக்ஸ் (பதிவை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் சுட்டி) பயன்படுகிறது. வரிசைப்படுத்தத் தற்காலிக பி-ட்ரீ கட்டப்படுகிறது என்ற வரி வந்தால், அந்த வரிசைக்கு ஏற்ற இன்டெக்ஸ் இல்லை என்று பொருள்.

தமிழ்ப் பெயரால் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. லைக் கட்டளை ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகக் கருதுவதால், சாதாரண இன்டெக்ஸை அது பயன்படுத்தாது. தமிழில் அந்தப் பேதமே இல்லாவிட்டாலும் எஞ்சின் விதிப்படியே நடக்கும். முன்னொட்டுத் தேடலுக்கு க்ளொப் கட்டளையைப் பயன்படுத்தினால் சாதாரண இன்டெக்ஸே போதும். பயனர் "பர" என்று தட்டியதுமே "பருப்பு" வந்துவிடும், ஏனெனில் உகரக் குறி ரகரத்துக்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. ஆனால் "கொத்தமல்லி" என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தரவுத்தளத்துக்கு இரண்டும் வெவ்வேறு. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அகரவரிசையில் நேட்டிவுக்கும் பல்தளத்துக்கும் உண்மையான வேறுபாடு ஒன்று இருக்கிறது. எஸ்கியூலைட் இயல்பாகப் பைட் வரிசையிலேயே அடுக்குகிறது. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் இருப்பதாலும், புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்குப் பின்னால் வருவதாலும், அந்த அடுக்கு நம் அகராதி வரிசையாக இராது. அன்ட்ரொய்ட் தன் எஸ்கியூலைட்டில் லோக்கலைஸ்ட் என்ற ஒப்பீட்டு முறையைச் சேர்த்துத் தருகிறது. ஐஓஎஸிலும் செயலிக்குள் பொதிந்த எஸ்கியூலைட்டிலும் அது கிடையாது. இதனால் சிலர் எல்லாப் பதிவுகளையும் டார்ட் பக்கத்துக்கு எடுத்து வந்து அங்கே அடுக்குகிறார்கள், செயலியும் மந்தமாகிறது. பொருளைச் சேமிக்கும்போதே அதன் வரிசைத் திறவை (அகராதி வரிசையில் அடுக்க உதவும் பெறுமானத்தை) ஒரு தனிப் புலத்தில் எழுதி, அதற்கு இன்டெக்ஸ் இடுவதே நல்ல வழி. சிங்களப் பெயர்களுக்கும் இதையே செய்யலாம்.

ஆறாம் படி: திரைக்குத் தேவையானதை மட்டும் கடத்துங்கள்

20,000 பதிவுகள், ஒவ்வொன்றிலும் 12 புலங்கள் என்றால் எல்லையைக் கடப்பது 240,000 பெறுமானங்கள். திரையில் ஒரு நேரத்தில் தெரிபவை 30 பொருட்களும், ஒவ்வொன்றுக்கும் பெயர், விலை, இருப்பு, அடையாள எண் ஆகிய 4 புலங்களும் என்றால் வெறும் 120 பெறுமானங்கள். எல்லாப் புலங்களையும் கேட்கும் பழக்கத்தை விட்டு, வேண்டியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அடுத்த பக்கத்துக்கு ஒஃப்செட் (இத்தனை பதிவுகளைத் தாண்டு என்ற குறிப்பு) பயன்படுத்தினால், தாண்டவேண்டிய பதிவுகளையும் எஞ்சின் ஒவ்வொன்றாகக் கடந்தே போகும். கடைசியாகக் காட்டிய பொருளின் வரிசைத் திறவையும் அடையாள எண்ணையும் நினைவில் வைத்து, அதற்கு அடுத்தவற்றைக் கேட்டால் எந்தப் பக்கமும் ஒரே வேகத்தில் வரும்.

ஒவ்வொரு பில்லுக்கும் அதன் பொருட்களைத் தனி வினவலாகக் கேட்பது பல்தளத்தில் இருமடங்கு தவறு. நூறு பில்லுக்கு நூறு நடை. இரு அட்டவணைகளையும் இணைக்கும் ஜொயின் எழுதி ஒன்றாக எடுங்கள். அடையாள எண்களை நீண்ட பட்டியலாகக் கொடுப்பதானால், 3.32க்கு முந்திய பதிப்புகளில் ஒரு கட்டளைக்கு 999 மாறிகளே இயல்பான உச்சம் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பொருட்களின் படங்களைக் கோப்புகளாக வைத்து, பாதையை மட்டும் அட்டவணையில் எழுதுங்கள்.

ஏழாம் படி: பிரதான த்ரெட்டை விடுவியுங்கள்

ரூம், பிரதான த்ரெட்டில் வினவலை ஓட்ட முயன்றாலே பிழை எழுப்பி மறுத்துவிடுகிறது. அந்தக் கண்டிப்பு பல்தள நூலகங்களில் பொதுவாக இல்லை. டார்டின் எஃப்எஃப்ஐ அழைப்பு முடியும் வரை தன்னை அழைத்த ஐசலேட்டை (டார்டின் தனிச் செயலோட்டத்தை) நிறுத்தியே வைக்கும், ஆகவே டிரிஃப்டைப் பின்னணி ஐசலேட்டில் திறக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். எஸ்கியூஎஃப்லைட் வினவலைப் பின்னணியில் ஓட்டினாலும், திரும்பி வந்த விடையைப் பிரிக்கும் வேலை உங்கள் ஐசலேட்டில்தான் நடக்கிறது. சேர்வரிலிருந்து வந்த பெரிய ஜேசனைப் பிரிப்பதும் அவ்வாறே. தரவுத்தளத்தின் மேல் சுமத்தப்படும் தாமதத்தில் ஒரு பகுதி உண்மையில் இதனுடையது.

எட்டாம் படி: நேட்டிவ் வேண்டுமா என்று இப்போது கேளுங்கள்

மேற்சொன்னவற்றை முடித்து, மூன்றாம் படியின் அளவீட்டை அதே தொலைபேசியில் மறுபடி எடுங்கள். நான் விவரித்ததைப் போன்ற விற்பனைச் செயலிக்கு அதன் பின் நேட்டிவ் தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் வரும் உணரி அளவீடுகளை இடைவிடாது எழுதும் செயலிகளிலும், இலட்சக்கணக்கான பதிவுகளைப் படித்துக் கணிப்பு நடத்தும் செயலிகளிலும், கடத்தலின் நேரம் எவ்வளவு குறைத்தும் பெரிதாகவே நிற்கலாம். அங்கும் முழுச் செயலியையும் மாற்றத் தேவையில்லை. பதிவிறக்கி, பிரித்து, எழுதி முடிக்கும் அந்த ஒரு வேலையை மட்டும் கோட்லினிலும் ஸ்விஃப்டிலும் எழுதி, தொடங்கு என்ற ஓர் அழைப்பும் முடிந்தது என்ற ஒரு விடையும் மட்டும் எல்லையைக் கடக்குமாறு அமையுங்கள்.

அப்படிச் செய்யும்போது ஓர் ஆபத்தைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். டார்ட் பக்கம் செயலிக்குள் பொதிந்த எஸ்கியூலைட்டையும், கோட்லின் பக்கம் இயங்குதளத்தின் எஸ்கியூலைட்டையும் கொண்டு ஒரே செயலிக்குள் ஒரே கோப்பைத் திறந்தால், ஒரு பிரதி போட்ட பூட்டை மற்றப் பிரதி அறியாமல் நீக்கிவிடக்கூடும், தரவுத்தளம் பழுதடையும். எஸ்கியூலைட்டின் ஆவணமே இதனைப் பழுதுக்கான காரணங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே பிரதியைப் பயன்படுத்துமாறு இணையுங்கள். அது முடியாவிட்டால், நேட்டிவ் பகுதிக்குத் தனிக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, வேலை முடிந்து அது மூடப்பட்ட பின்னரே டார்ட் பக்கம் அதைத் திறக்க விடுங்கள்.